கிருஷ்ணம்மா தெளிந்த வருஷம்

தாணுமாலயன் ஓட்டிய பள்ளிக்கூட பஸ் காஞ்சிரங்குளம் இறக்கத்தில் ஒரு மதிலை உரசி நின்றபோது உள்ளே இருந்த பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிறுமியின் தண்ணீர்க் குப்பி மட்டும் உருண்டு, படி வழியாக ரோட்டில் போய் விழுந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். தாணுமாலயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் பிரேக்கின் மேல் இல்லை. பக்கத்தில் வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்று கடைசி வரை நம்பியிருந்தான்.

போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள். ஊதினான். ஒன்றும் இல்லை. ஆனாலும் இறங்கி ஜீப் வரைக்கும் அவன் நடந்த நடையைக் கடைவாசலில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அமரவிளை முழுக்க ஒரே பேச்சு, தாணு காலையிலேயே குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனான் என்று. பீடிகூடப் பிடிக்காத மனுஷன் அவன். பதினெட்டு வயசில் லாரியில் கிளியாக, அதாவது கிளீனராகப் போய், பிறகு டெம்போ, பிறகு பள்ளிக்கூட பஸ் என்று நாற்பத்தாறு வயசு வரைக்கும் வண்டியிலேயே வாழ்ந்தவன். வண்டியில் அவன் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

மறுநாள் பஸ்ஸின் ஆயா மேரிக்குட்டி வீட்டுக்கு வந்தாள். பொழியூர்க்காரி. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க வேற ஆளு சொல்லிக் கேக்கப்பிடாதுன்னு வந்தேன். பிரின்சிப்பாலுட்ட ஒங்களப் பத்தி மின்னயே சொன்னது நானாக்கும். கொஞ்ச நாளாட்டு நீங்க கால அகட்டி அகட்டி நடக்குதத கண்டேன். குடின்னு நான் சொல்லல்ல. ஒடம்பு வய்யாத்த ஆளுன்னுதான் சொன்னேன். பிள்ளைய இருக்குத வண்டியில்லியா."

அவள் போன பிறகு தாணுமாலயனின் மனைவி ஸ்வப்னா அவளைத் திட்டத் தொடங்கினாள். "அவ சொன்னது சரிதான், விடு" என்றான். அதோடு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

உடம்பு சரியில்லை என்பது அவனுக்கு ஒரு வருஷமாகவே தெரியும். நடக்கும்போது செருப்பு கழன்று விழும். பத்தடி போன பிறகு யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். உள்ளங்காலில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருப்பது போல ஓர் உணர்வு. கிணற்றடியில் முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். நாக்கு வழவழவென்று சிவந்து, மீன்குழம்பு பட்டால் எரியும். ஆரம்பத்தில் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது. மெடிக்கல் ஸ்டோரில் சொல்லி, ரத்தம் ஊறுவதற்கென்று ஃபோலிக் ஆசிட் கலந்த மாத்திரை வாங்கித் தின்றான். கொஞ்ச நாளில் முகத்தில் களை வந்துவிட்டது. லேபில் பார்த்தபோது ரத்தமும் ஏறியிருந்தது. அதனால் காலில் இருப்பது கிளட்ச் மிதித்து மிதித்து வந்த வாதம் என்று முடிவு செய்து, குழம்பு என்கிற தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்வப்னாதான் விடாமல் அவனை நெய்யாற்றின்கரையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பெயர் ராபின்சன். கடற்கரைப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது போலவே நோயாளிகளிடமும் பேசுவார். கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி அதிரவைத்து, தாணுமாலயனின் கணுக்காலில் வைத்தார்.

"அதிருதா?"

"இல்ல டாக்டரே."

முழங்காலில் வைத்தார். லேசாகத் தெரிந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அவன் பெருவிரலைப் பிடித்துக் கீழே மடக்கினார்.

"விரல் இப்ப மேல இருக்கா, கீழயா?"

"மேல."

ஸ்வப்னா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பி12 என்ற சத்து உடம்பில் அநேகமாக இல்லவே இல்லை. அது இல்லாதபோது ரத்தத்தில் தேங்கும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் பல மடங்கு ஏறியிருக்கிறது.

ஸ்வப்னாவுக்கு நம்ப முடியவில்லை. "மீன் இல்லாம ஒரு நேரம் சோறு தின்னாத ஆளாக்கும் இவரு. இவருக்கு எப்பிடி சத்துக் கொறவு வரும்?"

"தின்னுதது வாயில. வயிறு அத எடுத்து ரத்தத்துல சேக்கணும் இல்லியா? இவருக்க உடம்பு, சொந்த வயித்தயே எதிராளின்னு நெனச்சு அத கெடுத்துப் போட்டிருக்கு. எவ்வளவு மீன் தின்னாலும் பி12 உள்ள ஏறாது." பிறகு தாணுமாலயனைப் பார்த்தார். "கரண்டு வயருக்கு மேல ஒறை இருக்குத மாதிரி நரம்புக்கும் ஒறை உண்டு. அது கெடாம இருக்கணும்னா மெத்தில்னு ஒரு சின்னப் பொருளு ஒடம்புக்குள்ள கைமாறிக்கிட்டே இருக்கணும். ஃபோலிக் அத கொண்டு வரும். பி12 வாங்கி அங்கோட்டு கொடுக்கும். வாங்குததுக்கு ஆளு இல்லேன்னா வந்தது வாசல்லயே கெடக்கும். நீங்க தின்ன மாத்திரை ரத்தத்த சரியாக்கிச்சு. அதனால உள்ள நரம்பு கெடுதது வெளிய தெரியாமப் போச்சு."

"மாறுமா டாக்டரே?"

"ஊசி போட்டா இனிமே கெடாது. கெட்டதுல கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது. ஊசி ஆயுசு முழுக்க வேணும்." மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "இது குடும்பத்துல வாற வகையாக்கும். ஒங்க கூடப்பொறந்தவங்க ஆருக்காவது நடக்க வய்யாம, ஓர்மை இல்லாம, மனசு சரியில்லாம உண்டா?"

ஸ்வப்னா தாணுமாலயனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள்தான் சொன்னாள். "அக்கா உண்டு."

கிருஷ்ணம்மா அவனைவிட ஏழு வயசு மூத்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். அலமாரியில் எந்தப் புடவை எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். காஞ்சிரங்குளத்துச் சோமனைக் கட்டி, அனகா என்று ஒரு மகள். அனகா பத்தாம் வகுப்பு படிக்கும்போது கிருஷ்ணம்மாவுக்கு நோய் தொடங்கியது. சொன்னதையே திரும்பச் சொன்னாள். சோற்றில் புருஷன் எதையோ கலக்கிறான் என்றாள். ஆளில்லாத அறையில் யாரோ கூப்பிடுவதாக எழுந்து போனாள். சோமன் மந்திரவாதியிடம் கூட்டிப்போனான், பிறகு மனநோய் ஆஸ்பத்திரிக்கு. மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினாள். ஒருநாள் ஆட்டோவில் கொண்டுவந்து தம்பி வீட்டில் இறக்கிவிட்டு, கொஞ்சநாள் இங்கே இருக்கட்டும் என்று சொல்லிப் போனான். பிறகு வரவே இல்லை.

ஒன்பது வருஷமாக அவள் வீட்டின் பின்னறையில் இருந்தாள். கடைசி இரண்டு வருஷமாக நடையும் இல்லை. வெளுத்துப்போகும்போதெல்லாம் சுகாதார நிலையத்திலிருந்து ரத்தம் ஊறும் மாத்திரை கொடுத்தார்கள். தம்பி தின்ற அதே மாத்திரை. கை கால் மரத்துப்போகிறது என்று அவளும் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறாள். பைத்தியக்காரி சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

அவளையும் தூக்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். அவள் ரத்தத்தில் இருந்த பி12 தம்பிக்கு இருந்ததைவிடக் குறைவு. டாக்டர் ராபின்சன் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவு வருஷம் ஆயிப்போச்சு. பெருசா எதிர்பாக்காதீங்க" என்றார். "மகளுண்டுன்னு சொன்னீங்கல்லியா. அவளையும் ஒருக்கப் பாக்கணும்."

ஊசி தொடங்கியது. தாணுமாலயனுக்குக் காலில் பஞ்சு மெல்ல விலகியது, ஆனால் முழுக்கப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு டிரைவர் வைத்துவிட்டார்கள். அதற்கு அவன் மறுப்புச் சொல்லப் போகவில்லை. தன் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும் ஒருவன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் காலையில் அந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டு முன்னால் போகும் நேரத்தில் அவன் பின்பக்கம் வாழைக்குள் போய் நின்றுகொள்வான்.

கிருஷ்ணம்மாவுக்கு முதலில் தூக்கம் சரியானது. பிறகு குரல்கள் நின்றன. சாப்பாட்டை மோந்து பார்க்காமல் தின்றாள். ஒருநாள் ஸ்வப்னா கட்டியிருந்த சேலையின் கரையைத் தொட்டு, "இது பாலராமபுரம் கைத்தறி இல்ல, மிஷினாக்கும்" என்றாள். ஸ்வப்னா அடுக்களையில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அடுத்து என்ன வரும் என்று அப்போது வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தது கேள்வி.

"தாணு, நான் இங்க வந்து எத்தன நாளாச்சு?"

"கொஞ்ச நாளாச்சு அக்கா."

"கள்ளம் பறையாத. ஒனக்க தலை நரைச்சிருக்கு." அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அனகா பரீட்சை எழுதினாளா?"

அவன் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக, அவள் கேட்கக் கேட்க. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அனகா படித்து முடித்துவிட்டாள். பாறசாலையில் அஜேஷ் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நமக்கு அழைப்பு இல்லை. சோமன் அத்தான் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். கடைசியாகச் சொன்னதற்கு கிருஷ்ணம்மா கேட்டது ஒன்றுதான். "எனக்க வீட்டுலயா?"

"ஆமா."

அதன் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஊசி போட நர்ஸ் வந்த அன்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்."

"அக்கா, நிறுத்தினா திரும்பப் பழையமாதிரி ஆயிப்போகும்" என்றான் தாணுமாலயன்.

"பழையமாதிரி இருந்தா போரும். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல்ல. மகளுக்குக் கல்யாணம் ஆனது தெரியல்ல, எனக்க வீட்டுல வேறொருத்தி இருக்குதது தெரியல்ல. ஒங்களுக்குத் தெளிஞ்ச அக்கா வேணும்னு எனக்கு இந்த ஊசியப் போட்டீங்க. எனக்கு இது வேணுமான்னு ஆராவது கேட்டியளா?"

நர்ஸ் திரும்பிப் போனாள். அடுத்த முறையும் அதே கதைதான். டாக்டரிடம் கேட்டதற்கு, கட்டாயப்படுத்தி எதுவும் செய்ய முடியாது, உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது என்றார்.

தாணுமாலயன் கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறிக் காஞ்சிரங்குளம் போனான். அனகாவைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்பது ஒரு காரணம். அவளை ஒருமுறை கூட்டிவர முடியுமா என்பது இன்னொன்று.

சோமன் முற்றத்தில் நின்றே பேசினான். எல்லாவற்றையும் கேட்டான். பி12, வயிறு, நரம்பு, ஊசி எல்லாம். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"தாணு, அனகாவுக்க புருஷன் வீட்டுல அம்மா செத்துப்போச்சுன்னாக்கும் சொல்லி வச்சிருக்கு. இப்ப போயி, சாகல்ல, பைத்தியமாட்டு இருந்தா, அது குடும்பத்துல வாற சீக்குன்னு சொன்னா அவ அங்க இருக்க முடியுமா? அவளுக்கு இப்ப மூணு மாசம். நீ ஒண்ணும் சொல்லண்டாம்."

"பைத்தியம் இல்ல அத்தான். சத்துக் கொறவாக்கும். ஊசியில மாறுதது."

"அன்னைக்கு அத ஆரு சொன்னா? ஏதாவது டாக்டர் சொன்னானா? நான் கொண்டுபோவாத்த எடமுண்டா?" சோமன் சொன்னதும் பொய் இல்லை. தாணுமாலயன் எழவிருந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

பஸ் நிறுத்தத்தில் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். சோமனோடு இருப்பவள். மூச்சு வாங்கியது.

"அனகாவுக்க நம்பர் தாறேன், போட்டுக்கிடுங்க. நானும் அவளுக்குச் சோறு பொங்கிப் போட்டவதான். வயித்துப் பிள்ளக்காரி. பொறவு ஏதாவது வந்தா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." முகத்தைப் பார்க்காமல், நம்பர் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே அனகாவைக் கூப்பிட்டான். மாமா பேசுகிறேன் என்றான். அவன் சொன்னதெல்லாம் கேட்டாள். அம்மாவுக்குத் தெளிந்துவிட்டது, உன்னைக் கேட்கிறாள் என்றபோது போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

சில வாரம் கழித்து அவளே வந்தாள். வீட்டுக்கு இல்லை. நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் நிற்கிறேன், டாக்டரிடம் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். தாணுமாலயனும் ஸ்வப்னாவும் போனபோது, கறுத்து மெலிந்து, அசப்பில் பழைய கிருஷ்ணம்மாவாகவே இருந்த ஒரு பெண் போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் யாருக்கும் தெரியாமல், ஆன்லைனில் ஒரு கம்பெனிக்கு எச்சில் அனுப்பி ஜீன் பரிசோதனை செய்திருந்தாள். மெத்திலைக் கைமாற்றும் வேலைக்கான ஜீனில் மாற்றம் இருக்கிறது என்று வந்திருந்தது. சிவப்பு எழுத்தில். அதோடு அவள் தூக்கம் போயிற்று.

"டாக்டர், எனக்கும் அம்மா மாதிரி ஆகுமா? பிள்ளைக்கும் வருமா? இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

ராபின்சன் அந்தத் திரையைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாற்றம் ஊருல எத்தனயோ பேருக்கு உண்டு. எனக்கும் இருக்கும், சோதிச்சுப் பாக்கல்ல, அவ்வளவுதான். இது வேலைய கொஞ்சம் மெதுவாக்கும். நல்லாச் சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. ஒங்க அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்தது இது இல்ல. அது வயிறு பி12-ஐ எடுக்காத சீக்கு. அது வாற சாய்வு குடும்பத்துல உண்டு. சாய்வுதான், விதி இல்ல. ஆமா, நீ என்ன சாப்பிடுத?"

அஜேஷின் வீட்டில் சைவம். கல்யாணத்துக்குப் பிறகு அனகா மீனைத் தொட்டதில்லை. முட்டை கிடையாது. வாந்தி வருகிறது என்று பாலும் குடிப்பதில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போடுகிறாள்.

"அத நிறுத்தப்பிடாது. பிள்ளைக்கு அது வேணும். ஆனா அது மட்டும் போராது" என்றார் டாக்டர். ரத்தத்தில் பார்த்தபோது பி12 குறைவாக இருந்தது, அம்மா அளவுக்கு இல்லை. சாப்பாட்டால் வந்ததா, வயிற்றால் வந்ததா என்பதற்கு இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார். எதுவானாலும் இப்போதே ஊசி தொடங்கலாம், வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அனகா பஸ் நிலையத்தின் பக்கம்தான் திரும்பினாள். ஸ்வப்னா அவள் கையைப் பிடித்தாள். "ஒருக்கக் கண்டுட்டுப் போ மக்கா. அவ ஊசி வேண்டாம்னு கெடக்கா."

கிருஷ்ணம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் மனசில் இருந்தது பள்ளிக்கூடப் பாவாடை உடுத்த ஒருத்தி. இவள் வேறு.

"அனகாவா?"

அனகா தலையை ஆட்டினாள். அருகில் போய் உட்கார்ந்தாள். அனகாதான் பேச்சைத் தொடங்கினாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "அம்மா, அந்த வீட்டுல நீங்க இல்லேன்னு சொல்லியிருக்கு. செத்துப்போச்சுன்னு. நானும் அத மறுத்துச் சொல்லல்ல. கல்யாணத்தன்னைக்கு ஒங்க போட்டோவுக்கு மாலை போட்டிருந்தாங்க. நான் கும்பிட்டேன்."

ஸ்வப்னா வெளியே போய்விட்டாள். தாணுமாலயன் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிருஷ்ணம்மா கேட்டாள். "எந்தப் போட்டோ?"

"கடையில எடுத்தது. பச்சைச் சேலை."

"அது நல்ல போட்டோவாக்கும்" என்றாள் கிருஷ்ணம்மா. சொல்லிவிட்டு மகளின் வயிற்றில் கை வைத்தாள். அனகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். பொழுது சாய்வதற்குள் பாறசாலை போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பியும்விட்டாள். அடுத்து எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

அவள் போன பிறகு கிருஷ்ணம்மா தம்பியைக் கூப்பிட்டாள். "நர்சை வரச்சொல்லு. திரும்ப ஓர்மை கெட்டா இன்னைக்கு அவ வந்ததும் மறந்து போயிரும்."

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, குறையில்லாமல். பிரசவத்துக்கு முன்பே அவள் அஜேஷிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினான், ஆனால் மாமனார் சோமனோடு இன்றுவரை பேசவில்லை. அஜேஷின் அம்மாவிடம் மட்டும் இருவரும் இன்னும் சொல்லவில்லை. அதனால் பாறசாலை வீட்டுச் சுவரில் கிருஷ்ணம்மா மாலையோடுதான் இருக்கிறாள். அனகா முடிந்தபோது வருகிறாள். குழந்தையை இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறாள். அனகாவின் வயிறும் பி12-ஐ எடுப்பதில் பின்தங்கியிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. அவளும் ஊசியை நிறுத்த முடியாது.

தாணுமாலயன் அமரவிளையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் உட்காருகிறான். பழைய டிரைவர்களில் சிலர் இப்போதும் அவன் கடைக்கு வருவதில்லை. நோய் என்று தெரிந்த பிறகும் குடி என்ற பேச்சு முழுக்கச் சாகவில்லை. மேரிக்குட்டி மட்டும் பொழியூரிலிருந்து போகிற வழியில் எட்டிப் பார்த்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கிருஷ்ணம்மா வாக்கர் பிடித்து முற்றம் வரைக்கும் நடக்கிறாள். அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில நாட்களில் அவள் நன்றாகப் பேசுவாள், கடைக்கதைகள் சொல்வாள். சில நாட்களில் காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அது நோயா என்று ஸ்வப்னா முதலில் பயந்தாள். போன ஒன்பது வருஷத்தை நினைத்துக் கிடக்கிறாள் என்று புரிந்தபின் இப்போது பயப்படுவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிடுவாள்.